தரையில் சொல்லக்கூடாத சொல்

சமாதான காலத்தில் வன்னியில் பிள்ளைகளாக இருந்த நாங்கள் இப்போது எங்கே சந்தித்தாலும், அது கலியாண வீடோ செத்த வீடோ, கதை சுற்றிச் சுற்றிச் சில சாமான்களில்தான் போய் நிற்கிறது. சண்டை நின்று பாதை திறந்த பிறகு லொறியில் வந்து இறங்கிய சிவப்பு அப்பிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றிக் கேட்ட ரேடியோ. ஐஸ்பழக்காரரின் மணி. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த மண்டையோட்டுப் படம். உங்கள் எல்லாருக்கும் இவை இருந்தன. எனக்கும் இருந்தன. ஆனால் உங்கள் ஒருவரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு லப்ரடோர் நாய்.

"நாய் இல்லாத வீடு வன்னியில எங்கயடி இருந்தது?" என்று போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது வீட்டைக் காத்த நாய் இல்லை. உடும்பு பிடிக்கக் காட்டுக்குப் போன நாயும் இல்லை. சாமான் கொண்டு வருகிற நாய் அது. கொண்டு வருவதைத் தவிர அதற்கு உலகத்தில் வேறு ஆசை இருக்கவில்லை. அதனாலேயே அதன் உயிருக்கு ஒரு தவணை வைக்கப்பட்டது. அதனாலேயே எங்கள் வீட்டில் ஒரு சொல்லை இன்றுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எங்கள் வீடு இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இனக் கலவரத்துக்குப் பயந்து சிறு வயதிலேயே பெற்றோரோடு வன்னிக்கு வந்தவர்கள். இரண்டு பேருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. அப்பா குளத்தில் வலை போடுவார், விதைப்புக்கும் அறுவடைக்கும் வயலில் கூலிக்கு நிற்பார். எங்கள் பரம்பரையில் முதலாவதாகப் பள்ளிக்கூடப் பை தூக்கியவள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர்கள் தோட்டத்துத் தமிழில் கேட்டால் நான் பள்ளிக்கூடத்தில் பிடித்த வன்னித் தமிழில் பதில் சொல்வேன். அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பா. அப்பா சிரிக்கமாட்டார், ஆனால் இன்னொரு தரம் சொல்ல வைப்பார்.

சமாதானம் வந்து அடுத்த வருடம், மிதிவெடி அகற்றுகிற ஆட்களின் முகாம் ஒன்றில் அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. அந்த முகாமில் மனிதர்களைவிட நாய்களுக்குத்தான் மதிப்பு என்று அம்மா வந்து சொல்வா. நாய்கள் நிலத்தை மோந்துகொண்டு போகும். வெடிமருந்து மணம் பட்டால் அந்த இடத்தில் அசையாமல் குந்தும். தொடக்கூடாது, கிண்டக்கூடாது, குந்த மட்டும் வேண்டும். அந்த நாய்களுக்குள் ஒரு மஞ்சள் நாய் இருந்தது. மற்ற எல்லா நாய்களையும்விட அதற்குத்தான் மூக்கு கூர்மையாம். பயிற்சிக்குப் புதைத்து வைத்த தகரப் பேணியை அதுதான் முதல் கண்டுபிடிக்குமாம். கண்டுபிடித்ததும் கிண்டி எடுத்து, வாயில் பத்திரமாகக் கவ்விக்கொண்டு வந்து, வெளிநாட்டுப் பயிற்சிக்காரரின் கையில் வைத்துவிட்டு வாலை ஆட்டுமாம்.

எத்தனை மாதம் பழக்கியும் அது மாறவில்லை. ஒருநாள் பயிற்சிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு, அதைச் சமையல்காரியிடம் கொடுத்துவிட்டார்.

"சும்மா குடுத்தாங்க. சோறு போட்டா போதுமாம்," என்று அம்மா வேலிப் படலைக்குள் வரும்போதே சொன்னா. அவவுக்குப் பின்னால், கயிறு இல்லாமலே, தலையை ஆட்டி ஆட்டி அது வந்தது. அதன் வாயில் அம்மாவின் ஒரு செருப்பு.

முகாமில் அதற்கு வைத்திருந்த பெயர் எங்கள் வாய்க்கு வரவில்லை. நாங்கள் கனி என்று கூப்பிட்டோம்.

கனியைப் பற்றி ஊர் சொன்னதெல்லாம் பிழை. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அது குரைக்காது. கள்ளன் வந்தாலும் அவனுக்கு ஏதாவது தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும். ஆகவே பயந்தாங்கொள்ளி என்றார்கள். வால் அடியில் மொத்தமாக, நுனியில் மெலிந்து, நீர்நாயின் வாலைப்போல இருக்கும். அந்த வால் எந்நேரமும் ஆடும், குசினிக்குள் வந்தால் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றாவது உடையும். ஆகவே தரித்திரம் என்றார்கள். கால் விரல்களுக்கு நடுவில் தாராவுக்கு இருப்பதுபோலச் சவ்வு இருந்தது. அதைக் கண்டுவிட்டு அடுத்த வீட்டு மாமி, "இது நாயும் தாராவும் கலந்து பிறந்தது போல," என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தா.

மாமிக்கும் கனிக்கும் ஆரம்பத்திலேயே சரிவரவில்லை. ஒரு காலை நான் பல்லு மினுக்கிக்கொண்டு நிற்கிறேன், மாமி தலைவிரிகோலமாக ஓடி வாறா.

"ஐயோ, உங்கட நாய் என்ர பேட்டைக் கவ்விக்கொண்டு வந்திட்டுது! அடை இருந்த பேடு!"

கனி எங்கள் முற்றத்தில் அம்மாவுக்கு முன்னால் நின்றது. வாயில் கோழி. கோழியின் கண் திறந்திருந்தது. அம்மா இரண்டு கையையும் நீட்டினா. கனி கோழியை அந்தக் கைகளில் வைத்தது, குழந்தையைக் கொடுப்பதுபோல. கோழி இறங்கியது, சிறகை உதறியது, ஒன்றும் நடக்காத மாதிரிப் படலைக்குள்ளால் திரும்பிப் போனது. ஒரு இறகுகூட விழவில்லை.

"நாயின்ர எச்சில் பட்ட கோழி இனி முட்டை போடாது," என்றா மாமி.

அந்தப் பேடு பிறகும் முட்டை போட்டது. "அது பயத்தில போட்டது," என்றா.

முகாமில் நாய்களைக் கயிற்றில் பிடித்து வேலை வாங்குகிற ஒரு அண்ணை இருந்தார், எங்கள் ஊர்க்காரர்தான். கனியைப் பார்க்க இடைக்கிடை சைக்கிளில் வருவார். அவர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "இந்த இனத்துக்கு வாய் மெத்து. சுட்டு விழுந்த தாராவைத் தண்ணிக்குள்ளயிருந்து இறகு கசங்காமல் தூக்கிக்கொண்டு வாறதுக்கெண்டே வளர்த்தெடுத்தது. முட்டையைக் குடுத்தாலும் உடைக்காது."

அம்மா உடனே ஒரு முட்டையைக் கொடுத்துப் பார்த்தா. கனி அதை வாயில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி வந்து என் மடியில் வைத்தது. முட்டை உடையவில்லை. அதைப் பொரித்து அதற்கே கொடுத்தோம்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அந்த அண்ணையின் பேச்சு எங்கள் வீட்டில் எடுபடவில்லை. "கேக்கிறதெல்லாம் போடாதேங்கோ அக்கா. இந்த இனத்துக்கு வயிறு நிரம்பினது தெரியாது. கொழுத்தால் பின்னங்கால் பிடிச்சுப் போகும்," என்று அவர் அம்மாவுக்குச் சொல்வார். அம்மா தலையாட்டுவா. அவர் சைக்கிள் ஏறியதும் மீன்தலை போட்ட சோறு இன்னொரு அகப்பை விழும். "பசிக்குதுன்னு பாக்குற கண்ணுக்கு இல்லன்னு சொல்ல எனக்குத் தெரியாது," என்பா. தோட்டத்தில் அரை வயிற்றோடு வளர்ந்தவ. அந்தக் கண்ணை அவ எங்கே பார்த்தா என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கோடை தொடங்கியபோது கனிக்கு மயிர் கொட்டத் தொடங்கியது. கையால் தடவினால் கை முழுக்க மஞ்சள் பஞ்சு. ஊரில் ஒரு நாய்க்கு மயிர் கொட்டினால் அது சொறி. சொறிக்கு மருந்து கழிவு ஒயில். இதில் ஒருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அப்பா உழவு மெசின் திருத்துகிற இடத்தில் ஒரு பேணி கறுத்த ஒயில் வாங்கி வந்து தலையிலிருந்து வால் வரை பூசிவிட்டார். மஞ்சள் நாய் கரிச்சட்டி நிறத்துக்கு வந்தது. நக்கிவிட்டு வாந்தி எடுத்தது. இரண்டு நாள் ஒரு மூலையில் படுத்துக் கிடந்து, ஒரு சாமானும் கொண்டு வராமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாய்க்கார அண்ணை வந்து கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டார். "ஐயோ அண்ணை, என்ன வேலை பார்த்திருக்கிறியள்! இதுக்கு ரெண்டு தட்டு மயிர். மேல முரடு, அடியில பஞ்சு. காலம் மாறேக்க பஞ்சு கொட்டும். சொறியுமில்லை ஒண்டுமில்லை. சீப்பால இழுத்துவிட்டாக் காணும்."

அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். சவர்க்காரக் கட்டி ஒன்று கரைந்து முடியும்வரை கிணற்றடியில் அதைக் குளிப்பாட்டினார். பிறகு அம்மாவின் பேன் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து வேலிக்கரையில் குந்தியிருந்து இழுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்தச் சீப்பு அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வெள்ளை மாட்டுக்கொம்புச் சீப்பு, ஒரு பக்கம் இரண்டு பல்லு இல்லை. நாங்கள் விட்டுவிட்டு வந்த சாமான்களுக்குள் நான் இன்றும் தேடுவது அதைத்தான்.

உயிருக்குத் தவணை வைத்தார்கள் என்று சொன்னேனே, அது பள்ளிக்கூட விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை.

எங்கள் வளவுக்குப் பின்னால் காடு. காட்டுக்கு அப்பால் ஒரு பழைய காவலரண் வரிசை. அங்கே சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள், நாங்கள் ஒருவரும் போவதில்லை. கனிக்குப் பலகை வாசிக்கத் தெரியாது. அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தா. அப்பா வேப்பமரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பாயில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். கனி காட்டுப் பக்கமிருந்து வந்து, வழமைபோல அப்பாவுக்கு முன்னால் நின்று, கையை நீட்டும்வரை காத்திருந்தது.

வாயில் ஒரு பச்சை வட்டப் பெட்டி. சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவு. நடுவில் கறுப்பு ரப்பர்.

மிதிவெடி. பள்ளிக்கூடச் சுவரில், மண்டையோட்டுக்குக் கீழே, அதன் படத்தை நான் ஒவ்வொரு நாளும் கண்டிருக்கிறேன். அப்பா கண்டதில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் அவர் விளங்கிக்கொண்டார்.

கத்தினால் கனி விளையாட்டென்று ஓடும். எழும்பினால் துள்ளும். அப்பா வலையை மடியிலிருந்து இறக்கினார். அவருடைய கை அவ்வளவு மெதுவாக நீண்டதை நான் முன்னர் கண்டதில்லை. கனி அதைக் கையில் வைத்தது. கோழியை வைத்ததுபோலவே.

"புள்ள, குசினிக்குப் பின்னால போ."

நான் போகவில்லை.  அப்பா எழும்பி, வெறும் காலோடு, நிறைந்த பால் கோப்பையைக் கொண்டு போகிறவரைப்போல நடந்து, வளவின் கடைசியில் இருந்த புற்றுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்தார். வந்து வலையின் மேலேயே விழுந்தார். கனி அவர் காதை நக்கியது. அப்பா ஓங்கி ஒன்று போட்டார். கனியை அவர் அடித்த ஒரே அடி அதுதான்.

முகாமுக்குத் தகவல் போய், அம்மாவோடு நாய்க்கார அண்ணையும் ஆட்களும் வந்து அதை எடுத்தார்கள். "உள்ளுக்கு ஒண்டுமில்லை. வெறும் கூடு," என்றார் அண்ணை. அதைச் சுற்றிக் கட்டிவிட்டு, "ஆனா நாய்க்கு அது தெரியாது," என்றார்.

"கொண்டு போயிருங்க தம்பி. இப்பவே."

"முகாமில வைக்க விடமாட்டினம் அண்ணை."

"அப்ப நானே முல்லைத்தீவு பஸ்ஸில ஏத்திட்டுப் போயி கடக்கரையில வுட்டுட்டு வாறேன். இல்லாட்டி குளத்தில கல்லக் கட்டிப் போடுறேன். எனக்கு இருக்கிறது ஒரு புள்ள."

அம்மா அழுதா, ஆனால் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னது நான். "அப்பா, அதுக்கு ஆரும் படிப்பிக்கேல்லை. நான் படிப்பிக்கிறன்."

"நாய்க்கா?"

"எனக்குப் படிப்பிச்சதைத்தான். கண்டால் நில், தொடாதே. பள்ளிக்கூடத்தில எங்களுக்கு மிதிவெடி நாடகமே போட்டுக் காட்டினவை."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அப்பா கேட்டிருக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் சொன்னது என்றால் அவரிடம் ஒரு மரியாதை இருந்தது. குளக்கட்டுப் பக்கம் திரும்பினார். "குளம் வான் பாயிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது தரையில ஒரு சாமானத் தூக்கினாலும் சரி, நான் யாரையும் கேக்கமாட்டேன்."

மாரியில் குளம் நிரம்பி வழிவதைத்தான் வான் பாய்தல் என்போம். மழைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அந்த வருடம் முழு ஊரும் மழைக்கு வேண்டியது, நான் மட்டும் வேண்டவில்லை.

முதல் கிழமை படுதோல்வி. ஒரு தேங்காய்ச் சிரட்டையை நிலத்தில் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தொடாதே" என்பேன். கனி சிரட்டையைக் கவ்வி என் கையில் வைத்து, பரிசுக்குக் காத்திருக்கும். கயிற்றைச் சுண்டி இழுத்தால், இன்னும் வேகமாகக் கொண்டு வராததற்குத்தான் கோபம் என்று நினைத்து, இரண்டு சிரட்டை கொண்டுவரும். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், பிள்ளை பாஸா?" என்பா.

பிறகுதான் ஒன்று விளங்கியது. எங்களுக்கு நாடகம் போட்டவர்கள் தொடாதே என்று மட்டும் சொல்லவில்லை, தொடாமல் வந்து சொன்ன பிள்ளைக்குக் கைதட்டினார்கள். கைதட்டுத்தான் எங்கள் மனதில் நின்றது. ஆகவே அம்மாவிடம் நெத்தலிக் கருவாடு வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். கனி சிரட்டையை மோந்துவிட்டு, வாயைத் திறக்க முதல் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கும். அந்தக் கணத்தில் ஒரு நெத்தலி. அடுத்த நாள் அந்தக் கணம் கொஞ்சம் நீண்டது. வயிறு நிரம்பத் தெரியாத இனம், நெத்தலிக்காக எதையும் படிக்கும். விடுமுறை முடியும்போது சிரட்டையைக் கண்டால் குந்திக்கொண்டு, கண்ணால் என்னையும் மூக்கால் மடியையும் பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் வாய்க்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் அது இருந்து இருந்து நடுங்கும். முன்னங்காலைத் தானே கவ்விக்கொண்டு படுக்கும். தண்ணீரைக் கொடுக்கலாம் என்று சொன்னது அப்பா. நான் அல்ல, அப்பா. "குளத்துக்குள்ள யாரும் வெடி பொதைக்கல. அங்க எடுக்கட்டும்."

அப்படித்தான் எங்கள் வீட்டுச் சட்டம் உருவானது. தரையில் தொடாதே. தண்ணீரில் கொண்டா. கனிக்குத் தெரிந்த ஒரே எடுக்கிற சொல் "கொண்டா". அந்தச் சொல்லைத் தரையில் ஒருவரும் சொல்லக்கூடாது. நாய்க்கு மட்டுமில்லை, ஒருவருக்கொருவரும் சொல்லக்கூடாது. ஏனென்றால் அம்மா "அந்த வாளியைக் கொண்டா" என்று எனக்குச் சொன்னால் கனி வாளியைக் கொண்டு வந்துவிடும். ஆகவே நாங்கள் "எடுத்தா" என்று சொல்லப் பழகினோம். தண்ணி எடுத்தா. விளக்கு எடுத்தா. இதில் எங்கள் எல்லாரையும்விடக் கறாராக இருந்தது அப்பாதான். அம்மாவுக்கு ஒருதரம் வாய் தவறியபோது, சோத்துக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். மாமி வீட்டுக்கு வந்தால் படலையிலேயே நிறுத்தி, "அந்தச் சொல்லு மட்டும் வேணாம், என்னாங்க," என்று கும்பிட்டுச் சொல்வார். மாமி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "நாய்க்காகப் பாஷையை மாத்தின வீடு இதுதான்," என்பா.

குளத்தில் தொடக்கம் கலகமாகத்தான் இருந்தது. வலையின் மிதப்புகளைக் கண்டதும் கனிக்குப் பைத்தியம் பிடித்தது. எங்கள் மிதப்பு, அடுத்தவர் மிதப்பு என்று அதற்குத் தெரியுமா? ஒரு காலையில் யாரோ போட்ட வலையை யப்பான் மீன்களோடு சேர்த்துக் கரைக்கு இழுத்து வந்து அப்பாவின் காலடியில் போட்டது. ஏச்சு வாங்கினோம். பிறகு அப்பா வள்ளத்தின் முன்பக்கம் அதை ஏற்றிவைத்து, கைகாட்டிய இடத்துக்கு மட்டும் பாயப் பழக்கினார். அறுந்துபோன மிதப்பு, கை தவறிய துடுப்பு, வலையிலிருந்து நழுவிய விரால், எல்லாவற்றுக்கும் ஒரு "கொண்டா". வாலைச் சுக்கான்போலத் திருப்பித் திருப்பி அது நீந்துவதைப் பார்க்க வேண்டும் நீங்கள். கரையேறி ஒரு உதறு உதறினால் பாதி காய்ந்துவிடும். தண்ணீர் அதன் தோல்வரை போகவே போகாது.

காது மட்டும் காயாது. மடிந்து தொங்குகிற காது. உள்ளே தண்ணீர் நின்றால் புழுக்கத்தில் நாறத் தொடங்கும். அதற்கும் நாய்க்கார அண்ணை வழி சொன்னார். ஒவ்வொரு நாளும் குளத்தால் வந்ததும் அப்பா தன் பழைய சாரத்தில் கிழித்த துணியை விரலில் சுற்றி, இரண்டு காதையும் மடித்துத் துடைத்துவிடுவார். தன் தலையைத் துவட்ட முதல் அதன் காது. அதைப் பார்த்துக்கொண்டே நான் பாடம் செய்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லலாம், கவனித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

குளம் வான் பாய்ந்த அன்று ஊரே கட்டுக்கு மேலே நின்றது. நான் கனியைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அப்பா கயிறு ஒன்றோடு வந்தார். நான் கனியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் கனியைத் தாண்டிப் போய், வேலியில் கிடந்த மிதப்புகளைக் கோக்கத் தொடங்கினார். "தண்ணி கூடிருச்சு. நாளைக்கு இதுக்கு வேலை இருக்கு," என்றார். 

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் எனக்குப் பெருமை அடங்கவில்லை. கனிக்குத் தடுப்பூசி போட வந்த நாய்க்கார அண்ணைக்கு நான் எல்லாம் செய்து காட்டினேன். சிரட்டை, பேணி, அப்பாவின் செருப்பு. எதை வைத்தாலும் குந்தியது. அண்ணை அன்று ஊசியைப் போட்டுவிட்டு அவசரமாகப் போனார். அடுத்த கிழமை நீண்ட ஏரியல் வைத்த வெள்ளை வாகனம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. பயிற்சிக்காரர்.

அவர் சொன்னதை அண்ணை மொழிபெயர்த்தார். இந்த மூக்குள்ள நாய் நூற்றில் ஒன்று கிடைப்பதில்லை. எடுக்கிற பழக்கம் போய்விட்டது என்றால் திரும்ப வேலைக்கு எடுப்பார். இப்போதே சோதித்துப் பார்க்கலாமா?

"ஓம்," என்றேன் நான், ஒருவரையும் பார்க்காமல். எனக்கு அது சோதனை. புலமைப்பரிசில் சோதனை எழுதக் காத்திருந்த வருடம் அது. சோதனை என்றால் பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணினால் என்ன நடக்கும் என்ற யோசனை எனக்கு இருக்கவில்லை. அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. அப்பா வேப்பமரத்தடியில் வலையோடு இருந்தார், தலை நிமிரவில்லை.

பயிற்சிக்காரர் வளவில் ஆறேழு பேணிகளை வைத்தார். ஒன்றுக்குள் மட்டும் வெடிமருந்து மணம் உள்ள ஏதோ துணுக்கு. முகாமில் பழகிய மணத்தைத் தேடிக் கனி ஒவ்வொரு பேணியாக மோந்துகொண்டு போனது. ஒன்றில் நின்றது. குந்தியது. அவர் பேணிகளை மாற்றி வைத்தார். கனி திரும்பவும் சரியான பேணியில் குந்தியது. அவர் என்னிடம் வந்து, பெரிய ஆளுக்குக் கொடுப்பதுபோலக் கை கொடுத்தார். "கெட்டிக்காரி எண்டு சொல்லுறார்," என்றார் அண்ணை. வேலிக்கு மேலால் மாமியின் தலை தெரிந்தது. இன்று முழு ஊருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

"இன்னும் ஒருக்கா. இதுதான் கடைசி."

கனி போனது. மோந்தது. குந்தியது. பயிற்சிக்காரர் பரிசுப் பந்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டார்.

"கொண்டா!"

அப்பாவின் குரல். வள்ளத்தில் நின்று கூப்பிடுகிற அதே குரல், அந்த வளவுக்கு அளவுக்கு மிஞ்சிய சத்தம். கனியின் காது நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது. பேணியைப் பார்த்தது. எத்தனையோ மாதங்களாகத் தரையில் கேட்காத சொல். அதன் முழு உடம்பும் வாலோடு சேர்ந்து ஆடியது. பேணியைக் கவ்விக்கொண்டு ஓடிப்போய் அப்பாவின் கையில் வைத்தது.

 அப்பா பேணியோடு எழும்பி நின்றார். "வாய் தவறிருச்சுங்க தம்பி. வலையப் பாத்துக்கிட்டு இருந்தனா, நெனப்பு குளத்தில இருந்திருச்சு. மன்னிச்சுக்குங்க."

பயிற்சிக்காரர் பேணியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். "ஒரு சத்தத்துக்கு எடுக்கிற நாயை வெடி நிலத்துக்குள்ள விடேலாதாம்," என்றார் அண்ணை. பந்தை அவர் கனிக்கே கொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறினார்.

நான் அப்பாவோடு கதைக்கவில்லை. பாஸ் பண்ண வேண்டிய நாயை ஃபெயிலாக்கிப்போட்டார் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். படிக்காத ஆட்களுக்குச் சோதனையின் அருமை தெரியாது என்றுகூடச் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு, "ஆமா புள்ள, தெரியாதுதான்," என்றா. வேலிக்கரையில் அப்பா கனிக்குச் சீப்பு இழுத்துக்கொண்டிருந்தார்.

கனி போயிருந்தால் யாரோ ஒருவரின் கால் தப்பியிருக்குமோ என்று நான் பிறகு யோசித்ததுண்டு.  அது எங்களோடு இருந்தது என்று மட்டும் சொல்வேன். ஒவ்வொரு மாரிக்கும் வள்ளத்தின் முன்பக்கம் ஏறியது. அண்ணை சொன்னதுபோலவே பின்னங்கால் பிடித்தது. அப்போது அப்பா அதைத் தூக்கி ஏற்றினார். சண்டை திரும்பவும் எங்கள் பக்கம் வருவதற்கு முன்னரே, ஒரு கோடையில், வாயில் ஒரு மிதப்போடு வேப்பமரத்தடியில் படுத்தபடி போய்விட்டது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன காலத்தில் அம்மா இரண்டு தரம் சொன்னா, "நல்லவேளை, அது இதையெல்லாம் பாக்கல," என்று.

இப்போது நாங்கள் நெளுக்குளத்தில் இருக்கிறோம். இரணைமடு பக்கத்தில் இல்லை, வள்ளமும் இல்லை. நான் படித்து முடித்து வேலைக்குப் போகிறேன். அந்தக் கலியாண வீட்டால் வந்த அன்று பின்னேரம், அப்பா கதிரையில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பொடிச்சி ஒருத்தி தங்கச்சியைக் கூப்பிட்டு, "பந்தைக் கொண்டா," என்று கத்தினாள். அப்பா படலைப் பக்கம் சட்டென்று திரும்பிப் பார்த்தார். எதையோ வாங்கப்போவதுபோல வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது.

அப்போதுதான் கேட்டேன், இத்தனை வருடம் கேட்காததை. "அப்பா, அண்டைக்கு அந்த வெள்ளைக்காரர் வந்த நேரம் ஏன் அந்தச் சொல்லைச் சொன்னனீங்கள்?"

அவர் கையைத் திரும்ப மடியில் வைத்தார்.

"வாய் தவறிருச்சு புள்ள."

பிறகு குசினிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தா, புள்ள வந்திருக்கு. தேத்தண்ணி எடுத்தா."